இன்ஸ்புருக்கில் ஐந்து நாள் பாறையேற்றம்: 70 மீட்டர் கயிறு போதுமா?

கரிசல்காரன் – மே 6, இரவு 9.40

வணக்கம். மியூனிக்கில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். எங்களுக்கு மலை என்றால் கழுகுமலைதான். அதிலும் சமணச் சிற்பங்களைப் பார்க்கப் படியேறியதோடு சரி. இங்கே வந்த பிறகு இரண்டு ஆண்டுகளாக உள்ளரங்கச் சுவரில் ஏறுகிறேன். லீடில், அதாவது கயிற்றை நானே மாட்டிக்கொண்டே ஏறுவதில், 6ஏ என்ற கடினத் தரம் வரை விழாமல் ஏறிவிடுவேன். உடன் வரும் நண்பனும் ஏறக்குறைய அதே அளவுதான். இருவரும் இதுவரை உண்மையான பாறையைத் தொட்டதில்லை.

மே 23 சனிக்கிழமை ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் போய்ச் சேர்ந்து 28ஆம் தேதி திரும்புவதாகத் திட்டம். கார் கிடையாது, ரயில், பஸ் மட்டும். அந்த ஊரில் தங்கிக்கொண்டு தினமும் ஒரு பாறைக்குப் போய்வர முடியுமா? வழிகாட்டி அவசியமா, அல்லது நாங்களே சமாளித்துவிடலாமா? 70 மீட்டர் கயிறு ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது, வாங்கிவிட்டேன். அது போதுமா?

பாறைப்பல்லி – மே 6, இரவு 11.15

தம்பி, ஏழு வருடம் அந்த ஊரில் குடியிருந்தவன் நான். பல் துலக்கும்போது குளியலறை ஜன்னலில் நோர்ட்கெட்டே மலை நிற்கும். ஊர் இருப்பது 574 மீட்டர் உயரத்தில். நகர மையத்தில் மலை ரயில் ஏறி, ஹுங்கர்புர்க்கில் இறங்கி, இரண்டு கேபிள் கார் மாறி, கொஞ்சம் நடந்தால் 2,334 மீட்டர் உயரத்து ஹாஃபெலேகார் உச்சியில் நிற்கலாம். காலையில் அலுவலகம், மாலையில் பாறை என்று அங்கே பலர் வாழ்கிறார்கள். இந்தக் கிட்டத்தில்தான் வினை இருக்கிறது. பஸ் நிறுத்தத்திலிருந்து சில நிமிட நடை என்றதும் மனம் அதை உடற்பயிற்சிக் கூடமாக எண்ணிக்கொள்கிறது.

உங்கள் அளவுக்கு முதல் இடம் மார்ட்டின்ஸ்வாண்ட். ஊருக்கு மேற்கே, சிர்ல் கிராமத்துக்கு முன்னால், சாலையோரமே செங்குத்தாக எழும் சுண்ணாம்புப் பாறை. தெற்குப் பார்த்தது. அதனால் குளிர்காலத்திலும் வெயில் விழும் நாளில் ஏறலாம். மே மாதக் கடைசியில் நண்பகல் என்றால் தோசைக்கல்தான். காலை ஏழு மணிக்குக் கை பாறையில் இருக்க வேண்டும்.

பல தலைமுறைக் கைகள் பட்ட பாறை என்பதால் எளிய தடங்களெல்லாம் வழவழத்துவிட்டன. உள்ளரங்கில் 6ஏ ஏறுகிறவர் அங்கே 5ஏயில் தொடங்கட்டும். வண்ணப் பிடிகள் கிடையாது. எதைப் பிடிப்பது என்று தேடுவதிலேயே கை செத்துவிடும். கயிற்றை மாட்டப் பாறையில் அடித்த போல்ட்டுகளும் கூடத்தில் இருப்பதுபோல எட்டும் தூரத்தில் வரிசையாக இருக்காது.

பின்னாளில் பேரரசரான முதலாம் மாக்ஸிமிலியான் இளைஞனாக இருந்தபோது, 1484இல், ஆட்டை வேட்டையாடிக்கொண்டே போய் அந்தச் சுவரில் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் மாட்டிக்கொண்டாராம். விவசாயி வேடத்தில் வந்த தேவதை காப்பாற்றியது என்று கதை. அந்தக் குகையைக் கீழிருந்தே பார்க்கலாம். உங்களுக்குத் தேவதை வராது, வழிகாட்டியை அமர்த்துங்கள். ஒரே ஒரு நாள் போதும்.

ஊசிமுனை – மே 7, காலை 7.05

பாதி விலை என்றால் பழைய கயிறா?

கரிசல்காரன் – மே 7, காலை 8.30

ஆமாம். ஊரை விட்டுப் போகிற ஒருவர் விற்றார். அதிகம் பயன்படுத்தவில்லை என்றார். பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஊசிமுனை – மே 7, காலை 8.52

பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நைலான் கயிற்றில் பாட்டரி அமிலம் பட்டிருந்தாலும் வெளியே தெரியாமல் போகலாம். ஏறும் கயிற்றை முன்பின் தெரியாதவரிடம் வாங்குவதில்லை. காசு போனது போகட்டும்.

அதையே கொண்டுபோவதாக இருந்தால் முதல் வேலை அளப்பது. அதிகம் விழுந்து ஏறுகிறவர்களின் கயிற்றில் முனைப்பகுதி சீக்கிரம் நைந்துவிடும். இரண்டு மீட்டரை வெட்டிவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்துவார்கள். சில மாதம் கழித்து இன்னும் இரண்டு. ஒரே முனையில் வெட்டியிருந்தால் நடு அடையாளமும் நடுவில் இருக்காது. அளக்க இரண்டு மீட்டர் டேப் போதும். தரையில் இரண்டு கோடு போட்டுக்கொண்டு இழுத்து இழுத்து எண்ணுங்கள். இருபது நிமிட வேலை.

வன்னித்தம்பி – மே 7, மாலை 6.20

சூரிச்சிலிருந்து எழுதுகிறேன். போன வருடம் நாங்கள் நால்வர் இதே ஊருக்குப் போய்வந்தோம். முதலில் தேதியைப் பாருங்கள் அண்ணா. 24 பெந்தெகொஸ்தே ஞாயிறு, 25 திங்களும் ஆஸ்திரியாவில் விடுமுறை. ஞாயிறு எப்படியும் கடை இல்லை. திங்களும் இல்லை என்றால் சனி பின்னேரம் மறந்த பொருளுக்குச் செவ்வாய் வரை காத்திருக்க வேண்டும். பவேரியாப் பள்ளிகளுக்கும் அப்போது விடுமுறை என்பதால் எங்கும் சரியான சனமாக இருக்கும்.

அடுத்தது காப்புறுதி. விளையாட்டு விபத்தில் ஹெலிகொப்டர் வந்தால், அந்தச் செலவைப் பொது மருத்துவக் காப்புறுதி தரும் என்று நம்ப வேண்டாம். மலைச்சங்கத்தில் உறுப்பினராகிவிட்டால் மீட்புச் செலவுக்குக் காப்பு உண்டு, மலைக்குடில்களில் கட்டணமும் குறையும். நீங்கள் மியூனிக்கில் இருப்பதால் ஜெர்மன் மலைச்சங்கத்திலேயே சேரலாம். அங்கே மலை மீட்புக்கு எண் 140. அது நினைவில்லாவிட்டால் 112. கைபேசி எடுக்காத இடத்தில் விசிலோ டார்ச்சோ நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் சும்மா, மறுபடி ஆறு. பதில் நிமிடத்துக்கு மூன்று முறையாக வரும்.

தயிர்சாதம் – மே 7, இரவு 10.10

ஏறுவதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. என் மனைவி ஏறுவாள், நான் கீழே உட்கார்ந்து பையைப் பார்த்துக்கொள்வேன். ஆனால் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மலைக்குடிலில் காஸ்பிரெஸ்க்னோடெல் சூப் என்று பலகையில் இருந்தது. பாலாடைக்கட்டியும் ரொட்டியும் சேர்த்துத் தட்டிப் பொரித்த வடை போன்றது என்று ஒருவர் விளக்கினார். ஆசையாக வாங்கினேன். வடையில் இறைச்சி இல்லைதான். அது மிதந்த சாறு மாட்டெலும்புச் சாறு. பாதிக் கிண்ணம் முடிந்த பிறகுதான் பக்கத்து மேசைக்காரர் சொன்னார்.

முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் காஸ்ஸ்பட்ஸ்ல்ன் கேளுங்கள், பாலாடைக்கட்டியில் புரட்டிய மாவுத் துணுக்குகள், மேலே வறுத்த வெங்காயம். அதிலும் பன்றி இறைச்சி தூவியிருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கைசர்ஷ்மார்ன் என்ற இனிப்பு முட்டை அப்பமும் இருக்கிறது, கவலை இல்லை.

மல்லிகா – மே 8, காலை 6.45

கயிறு வேண்டாம், இரும்பு வடத்தில் கொக்கியை மாட்டிக்கொண்டு போகிற கிளெட்டர்ஷ்டைக் போதும் என்று ஒரு நாள் உங்களுக்குத் தோன்றும். ஹாஃபெலேகாரிலிருந்து முகடு வழியாக ஏழு சிகரங்களைத் தொட்டுப் போகும் இன்ஸ்புருக் கிளெட்டர்ஷ்டைக் மிக அழகானது. செப்டம்பரில் போனேன். ஒரு பக்கம் கார்வெண்டல் மலைகள், மறு பக்கம் காலுக்குக் கீழே விமான நிலையம்; விமானம் நமக்குக் கீழே வந்து இறங்குகிறது. தொலைவில் ஃப்ராவ் ஹிட் என்ற ஒற்றைப் பாறை. பிச்சை கேட்ட ஏழைக்கு ரொட்டிக்குப் பதில் கல்லைக் கொடுத்த அரக்க ராணி கல்லாகிப் போனாளாம்.

ஆனால் மே மாதத்தில் அங்கே பனி கிடக்கும். வேண்டாம். கோடையிலும் பிற்பகல் இடிக்கு முன்பே இறங்கிவிட வேண்டும். முகட்டில் இரும்பு வடத்தைப் பிடித்துக்கொண்டு இடியோசையைக் கேட்பது என்ன உணர்வு என்பது எனக்குத் தெரியும். கைமுடி நின்றது.

கரிசல்காரன் – மே 9, இரவு 8.15

எல்லோருக்கும் நன்றி. மலைச்சங்கத்தில் சேர்ந்துவிட்டேன். வழிகாட்டி விஷயத்தில்தான் மனம் ஒப்பவில்லை. ஒரு நாள் கட்டணத்தில் புதுக் கயிறும் வாங்கி மிச்சமும் பார்க்கலாம். உச்சியில் சங்கிலியில் கயிற்றை மாற்றிக் கோப்பதைக் காணொளியில் நாலைந்து முறை பார்த்துவிட்டேன். கடினமாகத் தெரியவில்லை.

பாறைப்பல்லி – மே 9, இரவு 9.50

கடினம் இல்லைதான். அதைச் செய்யும்போது முப்பது மீட்டர் உயரத்தில் தொங்குவீர்கள், முன்கை வீங்கியிருக்கும், பக்கத்துத் தடத்துக்காரர் "முடிந்ததா" என்று கேட்பார்.

கூடத்தில் உச்சியில் கொக்கி தயாராக இருக்கிறது. கயிற்றை மாட்டினால் இறக்கிவிடுவார்கள். பாறையில் பல இடங்களில் இருப்பது இரண்டு போல்ட்டும் ஒரு மூடிய வளையமும். முதலில் உங்களைத் தனிப் பட்டியால் போல்ட்டில் பூட்டிக்கொள்ள வேண்டும். பிறகு இடுப்பு முடிச்சுக்கு முன்னால் இருக்கும் கயிற்றை மடித்து வளையத்துக்குள் நுழைத்து, அந்த மடிப்பில் எட்டு முடிச்சுப் போட்டு, திருகு கரபினரால் (பூட்டுக் கொக்கி) ஹார்னஸில் (இடுப்புக் கச்சை) பூட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் பழைய முடிச்சை அவிழ்க்கலாம். நுனியை உருவி எடுத்த பிறகு, கீழே இருப்பவரை இழுக்கச் சொல்லி, புதுக் கயிற்றில் முழு எடையையும் போட்டுப் பார்த்து, அதன் பிறகே பட்டியைக் கழற்ற வேண்டும். இதில் எதற்கு முன் எது என்பது ஒன்று பிசகினாலும் திருத்த நேரம் இருக்காது.

சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன், சொல்லிவிடுகிறேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் பிலே பிடித்தேன், அதாவது கீழே நின்று கருவி வழியாக நண்பனின் கயிற்றைப் பிடித்தேன். 32 மீட்டர் தடம், 60 மீட்டர் கயிறு. புத்தகத்தில் நீளம் போட்டிருந்தது, நான் பார்க்கவில்லை. நண்பன் ஏறி முடித்தான், இறக்கிக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டே இறக்கினேன், என்ன பேசினோம் என்பதுகூட நினைவிருக்கிறது, அவன் தங்கை கல்யாணத்துக்கு டிக்கெட் எடுப்பதைப் பற்றி. திடீரென்று வலது கையில் ஒன்றும் இல்லை. கயிற்றின் வால் உள்ளங்கையைத் தாண்டி, கருவியைத் தாண்டி மேலே போனது. அவன் கல் குவியலில் விழுந்தான். இரண்டு குதிகால் எலும்பும் உடைந்தன. இன்றும் மாடிப்படி இறங்கும்போது பக்கவாட்டாகத்தான் இறங்குகிறான். கயிற்றின் வாலில் ஒரு முடிச்சு இருந்திருந்தால் கருவியில் வந்து முட்டி நின்றிருக்கும்.

ஊசிமுனை – மே 9, இரவு 10.20

கயிறு உச்சி வரை போய்த் திரும்பி வர வேண்டும்; 32ஐ இரட்டித்தால் 64. கையில் 60. நான்கு மீட்டர் குறை. கயிறு எடையில் நீளும் என்பதால் கொஞ்சம் குறைந்திருக்கும். அப்படியும் மூன்று மீட்டர் விழுந்திருப்பார். கரிசல்காரன், அளந்துவிட்டீர்களா?

கரிசல்காரன் – மே 9, இரவு 10.31

இந்த வாரம் அளந்துவிடுகிறேன். பல்லி அண்ணா, வழிகாட்டிக்கு எழுதுகிறேன்.

வன்னித்தம்பி – மே 20, மதியம் 1.05

வெளிக்கிடும் முன் வானிலையைப் பாருங்கள் அண்ணா. மழையைவிட ஃபோன் (Föhn) என்ற காற்றைப் பற்றிக் கவனம். பிரென்னர் கணவாய்ப் பக்கமிருந்து தெற்குக் காற்று ஆல்ப்ஸைத் தாண்டி விப் பள்ளத்தாக்கு வழியாக இறங்கும். இறங்க இறங்கச் சூடாகி, காய்ந்து, நேரே இன்ஸ்புருக்கின் தலையில் அடிக்கும். வானம் துடைத்துவிட்டது போலத் தெளிவாக இருக்கும், மலை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். நல்ல நாள் என்று நினைத்துப் போனால் கேபிள் கார் ஓடாது.

கரிசல்காரன் – மே 20, மாலை 5.40

ஆரல்வாய்மொழிக் காற்றைப் பார்த்தவன், சமாளித்துக்கொள்வேன்.

கரிசல்காரன் – மே 23, இரவு 11.25

இன்ஸ்புருக்கிலிருந்து எழுதுகிறேன். குஃப்ஸ்டைன் வழியாக வராமல், ஒரு மணி நேரம் கூடுதலானாலும் பரவாயில்லை என்று மிட்டன்வால்ட் வழியாக வந்தோம். 1912இல் திறந்த பாதை. ஹோக்சிர்ல் தாண்டியதும் ரயில் மார்ட்டின்ஸ்வாண்டின் வயிற்றுக்குள்ளேயே புகுந்து வருகிறது. ஏறப்போகும் பாறைக்குள் உட்கார்ந்துகொண்டு முறுக்குத் தின்றோம்.

இப்போது திட்டுங்கள். கயிற்றை இன்றுதான் அளந்தேன். விடுதித் தாழ்வாரத்தில் ஒட்டுநாடாவால் கோடு போட்டு, நண்பன் எண்ண நான் இழுத்தேன். முப்பத்துமூன்று முறை இழுத்த பிறகு கையில் நாற்பது சென்டிமீட்டர் மிச்சம். 66 மீட்டர் 40. நடு அடையாளம் ஒரு பக்கம் 35, மறு பக்கம் 31.40. நம்பாமல் மறுபடி அளந்தோம். அதேதான்.

ஊசிமுனை – மே 23, இரவு 11.40

ஒரே முனையில் 3.60 வெட்டியிருக்கிறார்கள். நடு அடையாளம் வந்ததை மட்டும் பார்த்து 35 மீட்டர் தடத்தில் இறங்கியிருந்தால்? சரி, தூங்குங்கள். நாளையும் மறுநாளும் கடை கிடையாது.

பாறைப்பல்லி – மே 24, காலை 6.30

இன்று, நாளை இரண்டு நாளும் இந்தக் கயிற்றோடு பாறைப் பக்கம் போக வேண்டாம். நீளம் தெரிந்துவிட்டது, அதன் வரலாறு தெரியவில்லை. கிளெட்டர்சென்ட்ரும் என்ற ஏற்றக் கூடத்துக்குப் போங்கள். 2017இல் திறந்தது. மறு ஆண்டு உலக சாம்பியன்ஷிப் இந்த ஊரில்தான் நடந்தது. உள்ளூர்க்காரரான யாக்கோப் ஷூபர்ட் லீடில் தங்கம் வென்றார். பெண்கள் பிரிவில் இருவர் உச்சி தொட்டார்கள். குறைந்த நேரத்தில் தொட்டதற்காக ஜெசிகா பில்ஸுக்குத் தங்கம், யான்யா கார்ன்ப்ரெட்டுக்கு வெள்ளி.

கரிசல்காரன் – மே 29, இரவு 9.00

திரும்பிவிட்டோம். ஊரிலிருந்து வந்த களைப்பு இன்னும் தீரவில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

ஞாயிறு கூடத்தில். நான் பெருமையாகச் சொல்லிக்கொண்ட 6ஏயில் எட்டு வயது இருக்கும் ஒரு சிறுமி உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். இறங்கி, என்னைப் பார்த்து, "நீங்கள் ஏறுகிறீர்களா?" என்று மரியாதையாக வழிவிட்டாள். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

திங்கள் அந்த ஃபோன் காற்று. தம்பி சொன்னது அச்சுப்பிசகாமல் நடந்தது. மலை ரயில் ஹுங்கர்புர்க் வரை ஓடியது, அதற்கு மேல் கேபிள் கார் இல்லை. மலை அவ்வளவு பக்கத்தில் நின்றது. நண்பனுக்குத் தலைவலி. ஆரல்வாய்மொழியைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்தக் காற்று ஒரே சீராக அடிக்கும், இது மறைந்திருந்து அடிக்கிறது. பெஞ்சில் வைத்திருந்த தொப்பி இன் நதிப் பள்ளத்தாக்கில் எங்கோ இருக்கிறது.

செவ்வாய் கடை திறந்ததும் புதுக் கயிறு, 70 மீட்டர். வாங்கிய கையோடு விடுதியில் அதையும் அளந்தோம். நண்பன் சிரித்தான். 71.

புதன் மார்ட்டின்ஸ்வாண்ட். முதல் பஸ். வழிகாட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மையார், அதிகம் பேசாதவர். முதலில் பையைத் திறக்கச் சொன்னார். கயிற்றை எடுத்தார், வால் எங்கே என்று தேடினார், அதில் முடிச்சைப் போட்டு, பையின் பட்டியோடு கட்டினார். பிறகுதான் வணக்கம் சொன்னார்.

5ஏயில் தொடங்கினேன். முதல் போல்ட் என் தலைக்கு மேல் இன்னொரு ஆள் உயரத்தில். அதுவரை போகக் கால் வைக்க ஒரு படி. தேய்ந்த அம்மியைப் போல வழவழப்பு. பாறையின் மற்ற இடமெல்லாம் சாம்பல் நிறம், அந்த ஒரு கை அகலம் மட்டும் மஞ்சளித்து மின்னுகிறது. ஷூ வழுக்குமா வழுக்காதா என்று பாதம் கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்றாவது போல்ட்டுக்கும் நான்காவதுக்கும் நடுவில் இடது கால் தையல் இயந்திரம்போல ஆட ஆரம்பித்தது. கீழிருந்து அம்மையார் ஒரே வாக்கியம் சொன்னார்: "குதிகாலை இறக்கு." இறக்கினேன், நின்றது.

உச்சியில் கயிறு மாற்றும் இடம் வந்தபோது, பக்கத்துத் தடத்தில் அவரும் ஏறி வந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மடிப்பை நுழைத்து எட்டுப் போட்டுப் பூட்டிவிட்டு, அடுத்ததாக என் கை நேராகப் பட்டிக்குப் போனது. பழைய முடிச்சை இன்னும் அவிழ்க்கவில்லை, எடை போட்டுப் பார்க்கவில்லை, ஆனால் கை பட்டியின் பூட்டைத் திருகிக்கொண்டிருந்தது. காணொளியில் நாலைந்து முறை பார்த்த அதே கை. அவர் தன் கையை நீட்டி என் மணிக்கட்டின் மேல் வைத்தார், அவ்வளவுதான். அன்று முழுவதும் பதினொரு முறை அதையே செய்யவைத்தார், பெரும்பாலும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்து வளையத்தில்.

பத்தரைக்கெல்லாம் பாறை சுட்டது, விரல்கள் வியர்த்து நழுவின. நிழலில் உட்கார்ந்து மாக்ஸிமிலியானின் குகையைப் பார்த்தோம்.

வியாழன் ஊர் திரும்பும் நாள். ஓட்ஸ்டால், சில்லர்டால் பள்ளத்தாக்குகளுக்கும் போகலாம் என்றிருந்தோம், எதுவும் நடக்கவில்லை.

பாறைப்பல்லி – மே 29, இரவு 9.35

செப்டம்பரில் சில்லர்டால் போங்கள். யென்பாக்கில் இறங்கினால் குறுகிய பாதை ரயில் மய்ர்ஹோஃபன் வரை போகும், அங்கிருந்து கின்ஸ்லிங்குக்கு பஸ். காட்டுக்குள் கருங்கல் போன்ற நைஸ் (gneiss) என்ற பாறை. சொரசொரப்பில் ஷூ ஒட்டிக்கொள்ளும். உங்கள் அம்மிக்கல் பயம் போய்விடும், பதிலுக்கு விரல் தோல் போய்விடும். சொல்லுங்கள், நானும் கிராட்ஸிலிருந்து வருகிறேன்.

ஊசிமுனை – மே 29, இரவு 9.50

பழைய கயிறு என்ன ஆயிற்று? யாருக்கும் விற்றுவிடாதீர்கள்.

கரிசல்காரன் – மே 29, இரவு 10.02

இரண்டாக வெட்டிவிட்டேன். ஒரு பாதி பால்கனியில் துணிக்கொடி. மறு பாதியில் முடிச்சுப் பழகுகிறேன்.

தயிர்சாதம் – மே 29, இரவு 10.06

முப்பத்துமூன்று மீட்டர் கொடியா? மியூனிக்கில் அவ்வளவு பெரிய பால்கனி யாருக்குக் கிடைக்கிறது? வாடகை எவ்வளவு என்று தனியாக ஓர் இழை தொடங்குங்கள்.